வாட்டர்க்ளூஃப் தளத்தின் ஹெர்குலிஸ் விமானங்கள்: நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா அருகே உள்ள வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு உதிரிபாகங்களுக்கும், அவற்றைப் பூட்டத் தெரிந்த ஆட்களுக்கும் போகவேண்டும். புது விமானம் அதற்குப் பிறகுதான். இதுவே எங்கள் கோரிக்கை.

1938இல் தொடங்கிய இந்தத் தளத்தின் 28ஆம் படைப்பிரிவுக்கு 1963இல் ஏழு சி-130பி ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் வந்தன. அதே ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆயுதத் தடைக்கு அழைப்பு விடுத்தது. 1977இல் தடை கட்டாயமானது. நிறவெறி அரசுக்கு அந்தத் தடை நியாயமே. 1994இல் தடை விலகிய பின்னும் பழைய ஹெர்குலிஸ் விமானங்களைத்தான் புதுப்பித்து ஓட்டினோம். 2005இல் எட்டு புதிய ஏ400எம் சரக்கு விமானங்களுக்கு ஒப்பந்தமானது, 2009இல் ரத்தானது. ரத்து செய்ததைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் மாற்று வராது என்று தெரிந்த அன்றே பழையதைப் பேணும் தொகையைக் கூட்டியிருக்க வேண்டும்.

பறக்காமல் நிற்கும் விமானம் அப்படியே பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது தவறு. புரொப்பெல்லரின் ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகி எண்ணெய் கசியும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியின் பூச்சு விரிசல் விடும். தொட்டியின் அடியில் தங்கும் நீரை வடிக்காவிட்டால் பூஞ்சை வளர்ந்து அலுமினியம் அரிக்கும். பாகம் கிடைக்காதபோது பக்கத்து விமானத்திலிருந்து கழற்றிப் பூட்டுகிறார்கள். ஒரே வேலைக்கு இரட்டை உழைப்பு. கழற்றும்போது இணைப்பிகளும் குழாய்களும் சேதமாகும். எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவும் குழம்பும். இரண்டாவது விமானம் பிறகு எழும்புவதே அரிது.

இன்னொன்று, உயரம். தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே. கோடை மதியம் 30 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் குறைந்துவிடும். இயந்திரத்தின் இழுக்கும் சக்தி குறையும், மேலெழும்ப ஓடுபாதையில் ஓடவேண்டிய தூரம் நீளும். சரக்கையோ எரிபொருளையோ குறைத்தாக வேண்டும். ஆகவே கனமான பயணங்களை விடியலில் அனுப்புவதே முறை. அதற்கு இரவு முழுக்கச் சரக்கேற்றும் குழு வேண்டும். 2.24 மீட்டருக்கு 2.74 மீட்டர் அளவுள்ள ஒரு பேலட், அதாவது சரக்கு அடுக்கும் தட்டு, 4,500 கிலோ வரை தாங்கும். வலைபோட்டு, எடைபோட்டு, ஈர்ப்பு மையம் எல்லைக்குள் விழுகிறதா என்று சரக்கேற்றத்துக்குப் பொறுப்பான லோட்மாஸ்டர் கணக்குப் போட்ட பிறகே உள்ளே தள்ளலாம். இறங்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இல்லையென்றால் பேலட்டே பயனில்லை. தரையில் அடுக்கிச் சங்கிலியால் கட்டி, கையால்தான் இறக்கவேண்டும். இந்த ஆட்கள் பணி விட்டுப் போனால் ஓராண்டில் திரும்ப உருவாக்க முடியாது.

ஏப்ரல் 2022 வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம் உள்ள தொங்காட்டின் குடிநீர் நிலையம் சிதைந்தது. நம் உறவினர்கள் வாழும் அந்தக் கரைக்குச் சாலை துண்டிக்கப்பட்டால், பிரிட்டோரியாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நீர் சுத்திகரிப்புக் கருவியும் மருத்துவக் குழுவும் சேர்க்க இந்தத் தளம் வேண்டும். காங்கோ நாட்டின் கோமா நகரில் 2020 ஜனவரியில் தரையிறங்கும்போது ஒரு ஹெர்குலிஸ் தீப்பற்றியதையும் மறக்கவேண்டாம். எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு விமானமும் இந்தக் காலாண்டில் எத்தனை மணி நேரம் பறந்தது, நின்றதென்றால் எந்தப் பாகத்துக்காக, அது எப்போது ஆர்டர் செய்யப்பட்டது, இவற்றை எழுத்தில் கேளுங்கள். உதிரிபாக ஒப்பந்தத்தை ஆண்டுக்காண்டு புதுப்பிக்காமல் குறைந்தது ஐந்தாண்டுக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
பிரிட்டோரியாவின் லாடியத்தில் வாழும் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்களும் சரக்கேற்றும் பணியாளர்களும்