கோப்புகளோடு எழுத்துருவையும் மீட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2005ஆம் ஆண்டு நான் வாங்கிய கணினி, சென்ற ஆவணியில் ஒரு காலை, விண்டோஸ் எக்ஸ்பி திரையைக் காட்டுவதும் அணைந்து மீண்டும் தொடங்குவதுமாகவே நின்றுவிட்டது. மேலூர் வட்டாரத்துப் பெரியாற்றுப் பாசன ஊர்களில் நடவுக்குச் செல்லும் பெண்களிடம் கேட்டு நான் தட்டச்சு செய்துவைத்த பாடல்களும் ஒப்பாரிகளும் அதன் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. முதலில் காட்டிய கடையில், "ஃபார்மேட் போட்டு விண்டோஸ் ஏற்றினால் சரியாகிவிடும், சார்" என்றார்கள். இந்தச் சொல்லுக்குத் தலையசைத்தே எத்தனையோ வீடுகளில் பழைய படங்களும் எழுத்துகளும் போயிருக்கும் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

ஃபார்மேட் செய்து புதிய விண்டோஸை ஏற்றினால், பழைய கோப்புகள் இருந்த இடத்தின்மேல் புதியவை பதிந்துவிடுகின்றன. அப்படிப் பதிந்த பகுதியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் நான் பிறகு அணுகிய இளைஞர் கணினியை இயக்கிப் பார்க்கவே இல்லை. டிஸ்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் பொருத்தி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்கையும் புதிய டிஸ்கிற்கு நகலெடுத்தார். அது நல்ல பகுதிகளை முதலில் படித்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருவதால், நலிந்த டிஸ்க் ஓய்ந்துபோவதற்குள் பெரும்பங்கு கைக்கு வந்துவிடுகிறது. டிஸ்கிலிருந்து "டக், டக்" என்று ஓசை வந்தால் மின்சாரத்தை அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்றும், அது இத்தகைய கடைகளில் தீரும் பழுது அன்று என்றும் அவர் சொன்னார்.

கோப்புகள் வந்தன, ஆனால் என் புதிய மடிக்கணினியில் திறந்தபோது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அவற்றினிடையே அரைப்புள்ளிகளுமாக இருந்ததைக் கண்டு, எல்லாம் சிதைந்துவிட்டதென்றே முதலில் எண்ணினேன். சிதைவு ஒன்றுமில்லை. நான் தட்டச்சு செய்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில். அதில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஏற்கும்வரை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வீடுகளிலும் வெவ்வேறு எழுத்துருக்கள் புழங்கின. அந்தந்த எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளை நேரடியாகப் படிக்க இயலாது. கடைகளில் வழக்கமாக எடுத்துத் தருவது மை டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் மட்டுமே. எழுத்துருக்களோ விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்ற தனி இடத்தில் கிடக்கின்றன. முழு டிஸ்கும் நகலாகியிருந்ததால் என் எழுத்துரு தப்பியது. அதை நிறுவியதும் பாடல்கள் தமிழாகத் தெரிந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியைக் கொண்டு இப்போது ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றி வருகிறேன். மாற்றும்போது சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன; ஆகவே மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் பழைய கோப்பை அழிக்கக் கூடாது.

பழுதான பகுதியில் சிக்கிய ஒன்பது ஒப்பாரிகள் திரும்பவில்லை. அவற்றைப் பாடிய மூதாட்டி இன்று இல்லை. ஒலிநாடாவிலும் நான் பதிந்துவைக்கவில்லை.

கணினி பழுதுநீக்கும் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஃபார்மேட் செய்வதற்கு முன், எந்தக் கோப்புகள் வேண்டும், தமிழில் தட்டச்சு செய்தவை உண்டா, எந்த எழுத்துரு என்று கேட்டு, வாடிக்கையாளர் சொன்னதை ரசீதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.