பேட்டரிக்கான பாஸ்பாரிக் அமிலத்தை உரத் தொழிற்சாலையிலேயே தூய்மைப்படுத்த வழி செய்யுங்கள்

மத்திய இரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உரத் தொழிற்சாலையொன்றின் பாஸ்பாரிக் அமிலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ராக் பாஸ்பேட் என்ற பாறைக் கனிமத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஜிப்சத்தை வடிகட்டிய பின் வரும் அமிலத்தை மாதிரிக் குப்பியில் பிடித்தால், அது கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கலங்கி நிற்கும். இரும்பு, அலுமினியம், ஃபுளூரைடு, சில பாறைகளில் காட்மியம் வரை அதில் கலந்திருக்கும். டிஏபி உரம் தயாரிக்க அது போதும். ஆனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் கேத்தோடு (நேர்முனை) பொருளைச் செய்யத் தூய பாஸ்பாரிக் அமிலம் வேண்டும், அதற்கு இது உதவாது.

மின்கல உற்பத்திக்கென 2021இல் அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இலக்கு, ஆண்டுக்கு 50 கிகாவாட்-மணி (5 கோடி கிலோவாட்-மணி) மின்கல உற்பத்தித் திறன். அது முழுவதும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாக அமைந்தால், கிலோவாட்-மணிக்கு ஏறத்தாழ 2 கிலோ கேத்தோடு பொருள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் வேண்டும். அதற்குத் தூய பாஸ்பாரிக் அமிலம் மட்டும் சுமார் 62,000 டன். இந்த அமிலத்துக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மின் உலையில் மஞ்சள் பாஸ்பரஸ் எடுத்து, எரித்து அமிலமாக்கும் பழைய வழிக்கு, ஒரு டன் பாஸ்பரஸுக்குப் பன்னிரண்டாயிரம் யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகும். நமக்கு ஏற்றது கரைப்பான் வழி: கரைப்பான் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ள, மாசுகளில் பெரும்பகுதி எஞ்சிய திரவத்தில் தங்கிவிடும், பிறகு தண்ணீரால் அமிலத்தை மீட்டு, ஃபுளூரினையும் நிறத்தையும் நீக்கினால், அது தண்ணீர்போல் தெளிந்து, பாகுபோல் மெல்ல வழியும். எஞ்சிய திரவத்திலும் நிறைய பாஸ்பேட் இருப்பதால் அதை உரத்துக்கே திருப்பலாம். ஆகவேதான் இந்தத் தூய்மைப்படுத்தும் ஆலை உரத் தொழிற்சாலையை ஒட்டியே அமைய வேண்டும். தனியாக எங்கோ நிறுவினால் அந்தத் திரவமே பெருஞ்சுமையாகிவிடும். மொராக்கோவின் ஜோர்ஃப் லாஸ்ஃபரில், அந்நாட்டின் ஓசிபி உர நிறுவனம், பெல்ஜியத்தின் பிரயோன், ஜெர்மனியின் புடன்ஹைம் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து உர வளாகத்துக்குள்ளேயே இதைச் செய்துகாட்டியிருக்கிறது.

வாங்குபவர் தரப்பிலும் ஒரு தடை உண்டு. புதிய அமிலத்தை ஏற்குமுன் மின்கல நிறுவனங்கள் மாதக்கணக்கில் சோதிக்கும். ஒவ்வொருவரின் மாசு வரம்பும் வேறாக இருக்கும். பேட்டரித் தரத்துக்குப் பொதுவான இந்தியத் தர நிர்ணயமும், நீண்டகாலக் கொள்முதல் உறுதியும் இருந்தால்தான் முதலீடு செய்பவர் துணிவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமிலத்தில் ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத் துறையில் பாஸ்பேட் அளவைக் கணக்கிடும் முறை) ஏறத்தாழ 5 டன் ஜிப்சம் சேர்கிறது. காற்றடி காலத்தில் அந்த வெள்ளைக் குன்றிலிருந்து எழும் தூசு பக்கத்து வீடுகளின் கொடித்துணிகளில் படிவதைக் கண்டிருக்கிறேன். புதிய அமிலத் திறனுக்கு அனுமதி வழங்கும்போதே, ஜிப்சம் எந்த சிமெண்ட் ஆலைக்கு, எந்த நிலத்துக்கு, எவ்வளவு போகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அமிலப் பிரிவுப் பொறியாளர்