முந்திரிகைப் பந்தலிலிருந்து ஒரு நன்றி மடல்

நன்றி நவிலல் என்றதும் எங்கள் ஊரில் செத்தவீட்டு முப்பத்தொன்றாம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டின் கடைசிப் பக்கம்தான் ஞாபகம் வரும். பயப்பட வேண்டாம், வீட்டில் எல்லோரும் சுகம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஐயாவின் பந்தலில் இந்த முறை முந்திரிகை, அதாவது திராட்சை, நன்றாக வந்திருக்கிறது. அதற்குக் காரணமானவர்களில் பாதிப்பேர் இந்தப் பந்தலைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் லா ஷப்பலில் இருக்கும் மச்சானுக்கு. பாரிஸில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, "தோட்டக்காரன் பிள்ளைக்கு இதென்ன வேலை?" என்று ஏசி, ஷப்லிக்குப் பழம் வெட்ட அனுப்பினாய். பஸ் காசும் நீ தந்ததுதான், இன்னும் திருப்பித் தரவில்லை.

ஷப்லி, பிரான்சின் பூர்கோன் பகுதியின் வடக்கு முனையில், செரன் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஷார்தொனே என்ற ஒரே முந்திரிகை இனத்தில்தான் அங்கே வைன். ஆற்றுக்கு வலப்பக்கச் சரிவில் ஏழு காணிகளுக்கு ஆக உயர்ந்த தரம் கொடுத்திருக்கிறார்கள். ஏழையும் கூட்டினாலும் சுமார் 100 ஹெக்டேர், எங்கள் கணக்கில் நாலாயிரம் பரப்பு வரும். நான் வெட்டியது அவற்றில் பெரியதான லே குளோவில். மலை என்றால் கீரிமலை என்று வளர்ந்தவனுக்கு அந்தச் சரிவில் கால் நிற்கவில்லை. முதல் நாளே பெருவிரலை வெட்டிக்கொண்டேன்.

விரலுக்குக் கட்டுப் போட்ட வரிசைப் பொறுப்பாளர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், சரி. குளோ என்றால் என்ன என்று கேட்டேன். சுற்றி மதிலடைத்த காணி என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காணி உறுதிகளில் இருக்கிற 'அடைப்பு'தானே அது! எங்களிடமும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் அது நொத்தாரிசின் மேசையோடு நின்றுவிடும். அங்கே அது போத்தலில் ஏறுகிறது. பக்கத்துக் காணிப் பழத்தோடு கலந்தால் அந்தப் பெயரைப் போட முடியாது.

ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்தீர்கள். அதற்குள் நகக்கண் அளவில் சிப்பிகள், 15 கோடி வருடங்களுக்கு முந்திய கடலில் வாழ்ந்தவை. எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல்தான், வயது மட்டும் குறைவு. கல்லின் ருசி வைனில் இறங்குகிறது என்று அங்கே பலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கல் செய்வது தண்ணீர் வேலை. மிச்சத்தை வடியவிட்டு, தேவையானதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

வைன் அறைப் பெரியவரே, இரவு பத்து மணிக்கும் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னீர்கள். குலையைக் காம்போடு மெதுவாகப் பிழிந்து, தோலை உடனே விலக்கி, சாற்றை ஓர் இரவு தெளியவிட்டு, பிறகே புளிக்கவிட வேண்டும் என்று காட்டினீர்கள். புளித்து முடிந்தும் அடி வண்டலோடு மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் காலத்து 132 லீற்றர் சின்னப் பீப்பாய் ஒன்றைத் தட்டிக் காட்டி, புது மரத்தின் வாசம் பழத்தை விழுங்கிவிடும் என்றீர்கள். சித்திரையில் உறைபனி வந்தால் விடிய விடிய மெழுகு விளக்கு ஏற்றுவதையும், தண்ணீர் தெளித்து அந்தப் பனிக்கட்டிக்குள்ளேயே மொட்டைக் காப்பாற்றுவதையும் நீங்கள் சொன்னபோது நம்பவே முடியவில்லை. எங்கள் கொடிக்குக் குளிரும் இல்லை, நித்திரையும் இல்லை. நாங்கள்தான் கத்தரித்து எழுப்புகிறோம், அதனால் வருடத்தில் இரண்டு தரம் காய்க்கிறது. அங்கே ஒரே தரம். ஆனால் அந்தக் குளிர்ந்த இரவுகள் பழத்தில் வைத்துவிடுகிற புளிப்பு இங்கே நிற்காது. அந்த வைனை இங்கே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியாது, நான் செய்யவும் இல்லை. கொண்டுவந்தது பழத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும்தான்.

நான் இல்லாத காலத்தில் ஐயாவுக்குப் பதிலாக இறைப்புப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணைக்கும் அண்ணிக்கும் என்ன சொல்வது? வௌவாலுக்கு வலை கட்டியதும் நீங்கள்தான். இனிப்பு அளக்கும் கருவியைத் தந்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கேட்காத இரசாயன ரீச்சருக்கும் நன்றி. அதில் பார்த்தபோதுதான் கிணற்றடிப் பக்கம் 18, வேலியோரம் 15 என்று தெரிந்தது. வேலியோரத்தில் செம்மண் ஆழம், கொடி இலையாகவே ஓடுகிறது. அங்கே குலைகளைக் குறைத்தேன், தண்ணீரையும் குறைத்தேன். கிணற்றடிப் பழத்தைத் தனிப் பெட்டியில் போட்டேன். சந்தையில் ஒரு வியாபாரி இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலை சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்தக் கோபம் அடங்கவில்லை.

அன்றிரவு ஐயா ஒன்றும் பேசாமல் றங்குப்பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கிணற்றடித் துண்டின் பெயரை வாசித்தார்: நாவலடைப்பு. "பெட்டியில் இதை எழுது" என்றார்.

எழுதிவிட்டேன் ஐயா.