மிளகை அனுப்பிவைத்தாயிற்று

கொல்லங்கோடு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் நல்ல சேதிதான், வாடகையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

காப்பகத்து நாய்களைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருந்து, பிறகு வளர்க்கக் கேட்பவர்களிடம் கொடுக்கிறேனே, அதைப் பற்றி "இத்தனை நாள் சோறு போட்டுட்டு எப்படிடி தூக்கிக் குடுக்க மனசு வருது?" என்று கேட்டிருந்தாய். இங்கே பக்கத்து வீட்டம்மாவும் இதையேதான் மலையாளத்தில் கேட்கிறார். கூண்டில் கிடக்கிற நாய் ஒன்று ஓயாமல் குரைக்கும், இல்லாவிட்டால் மூலையில் சுருண்டு கிடக்கும். அதை வைத்து அதன் குணத்தைச் சொல்ல முடியாது. வீட்டில் நாலு பேரோடு புழங்கினால்தான் எதற்குப் பயப்படும், யாரிடம் ஒட்டும் என்று தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்துக் காப்பகக்காரர்களுக்கு அதைக் கண்டு சொல்லத்தான் நான்.

மிளகு என்று ஒன்று வந்தது. கறுப்புப் பெட்டை, நாட்டு நாய், கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டு. கறுப்பு, பெட்டை, நாட்டு நாய் மூன்றும் சேர்ந்தால் யார் கேட்டு வருவார்கள்? முதலில் கட்டிலடியை விட்டு வெளியே வரவில்லை. ராத்திரி நாங்கள் படுத்த பிறகு தட்டு நகரும் சத்தம் மட்டும் கேட்கும். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், 'இது நம் வீடு' என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் மலையாள மாதம் மீனம் 20 வந்தது. நென்மாறா வல்லங்கி வேலத் திருவிழா வாணவேடிக்கையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனே, இங்கே ஜன்னல் கண்ணாடி அதிரும். மிளகு கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டது. விலாவில் கை வைத்தால் அந்தத் துடிப்பு என் முழங்கை வரை ஏறியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரையே ஈரம். உயிரையே விடும் கருவாட்டுத் தலையைக்கூட மோந்து பார்க்கவில்லை.

அதனால்தான் ஒரு தோட்டக்காரர் காவலுக்குக் கேட்டு வந்தபோது முடியாது என்றேன். ராத்திரி முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவாராம். வெடிச் சத்தத்தில் இது கழுத்தை அறுத்துக்கொள்ளும். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

குட்டிகளை இப்போது எடுப்பதில்லை. போன தடவை வந்த குட்டி பார்வோ என்கிற வைரஸ் நோயில் போய்விட்டது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷம்கூடக் கிடக்குமாம். சிமென்ட் தரையை பிளீச்சிங் போட்டுக் கழுவலாம், முற்றத்து மண்ணை என்ன செய்ய? தடுப்பூசி முழுக்கப் போட்ட பெரிய நாய்கள் மட்டும்தான் இனி.

தெரு நாய் என்றாலே இங்கே முகம் சுளிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த மாதமே தீர்ப்பை மாற்றி, வெறியும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடை, தடுப்பூசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னபோது டீக்கடையில் சண்டையே வந்தது. பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் கடிபடுகிற ஊர். நானும் இவரும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டோம். ஆனாலும் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று மறுபடி போட்டே ஆக வேண்டும். இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மிளகை ஆனைமலையிலிருந்து வந்த, ரிட்டயர் ஆன தம்பதி கூட்டிப்போனார்கள். தீபாவளிக்கு மத்தியானமே உள்ளறையில் விட்டு டிவியைச் சத்தமாக வைக்கணும், கிரைண்டர் பக்கம் வழி விட்டு வைக்கணும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிப் போட்டோ அனுப்பியிருக்கிறார். அழுதேனா என்றால், ஆமாம், இவர் கடைக்குப் போன பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மாடிப்படி ஏறுமா என்று பார்க்கணும். உன் வீட்டில் படியே இல்லை, யோசித்துப் பார். முதலமடை மாம்பழம் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பழுக்காதது மேலே இருக்கும், வைக்கோலில் வை.

அன்புடன்,
மீனாட்சி