சனிக்கிழமைப் பயிற்சியைத் திருப்பித் தாருங்கள்: சேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் சேகரக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

ஆராதனைக்கு இனிப் பதிவுசெய்த இசையே போதும், பாடகர் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சி தேவையில்லை என்று கடந்த ஞாயிறு அறிவித்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக ஆல்டோ என்ற பெண்களின் தாழ்குரல் வரிசையில் நிற்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்த முடிவை மாற்றுங்கள்.

பதிவில் சுருதி பிசகாது. எங்களுக்குப் பிசகும், அதுவும் ஆண்களின் மேல்குரலான டெனரில் ஆள் குறைந்த பிறகு அடிக்கடி பிசகுகிறது. ஆனால் சனிக்கிழமை மாலை அந்த அறையில் நடப்பது ஞாயிறு பாட்டுக்கான ஒத்திகை மட்டும் அல்ல.

நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் அது ஒன்று. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நான் பாடுவேன், நான் வாங்கும்போது அவர் பாடுவார். கேட்பவர்களுக்கு ஓசை அறுபடாது. என் கணவர் இறந்த மறுமாதம் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான பயிற்சி தொடங்கியது. முதல் அடியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. புத்தகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் பங்கையும் சேர்த்துப் பாடினார்கள். மூன்றாவது வாரம் என் குரல் எந்த இடத்தில் அவர்களோடு சேர்ந்தது என்று எனக்கே தெரியாது. துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2013இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபோல் ஆவதைக் கண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டு வகுப்பில் சேர்ந்த அந்நியர்கள் கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களைவிட வேகமாக நெருக்கமானதாகச் சொல்கிறது. ஏழு மாதங்களில் மற்ற வகுப்பாரும் அந்த நெருக்கத்தை எட்டிவிட்டார்கள். பாடியவர்களுக்கு அத்தனை காலம் தேவைப்படவில்லை.

நம் சபையில் இதற்கு ஆய்வே வேண்டாம். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையைப் பாருங்கள். கல்யாணப் பந்தியில்கூட அடுத்தடுத்து உட்காராத இரண்டு தெருக்காரர்கள் ஒரே பாமாலைப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் தாளம் தப்பினால் மற்றவர் மெல்ல முழங்கையால் தொடுகிறார். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டும் நடக்காதது இது. பயிற்சி நின்றால் இவர்கள் வேறெங்கே சேர்ந்து நிற்பார்கள்?

செலவுதான் காரணம் என்றால், அறையின் மின்கட்டணத்தை நாங்கள் பங்கிட்டுக் கட்டுகிறோம். பதிவுசெய்த இசையை ஒரேயடியாக விலக்கச் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்குக் கொடுங்கள். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு நான்கு குரல்களையும் பிரித்துப் பாடக் கற்றுத்தர ஆல்டோவில் மூன்று பேர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அறைச் சாவியைத் தரும்படி ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஆயர் ஐயாவும் குழுவினரும் ஒருமுறை வந்து எங்களோடு நின்று பாட வேண்டும். டெனர் வரிசையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆல்டோ வரிசையிலிருந்து
உங்கள் சபையைச் சேர்ந்த சகோதரி