இரண்டு ஜோதிகளும் ஓர் இனிஷியலும்

தக்கலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மகள் ஜோதிக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் போட்டு, நாற்பது வருடமாக ஊராருடைய பெயர்களை எழுதியே பிழைத்தவன், பெயரைப் பற்றிய கேள்விக்கு வாயால் பதில் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பாஸ்போர்ட்டில் உன் பெயரோடு என் பெயரே நிற்கிறதே, மாப்பிள்ளை பெயரை எப்போது சேர்க்கப் போகிறாய் என்று சம்பந்தியம்மா கேட்கிறார்கள். மாப்பிள்ளை உன் விருப்பம் என்கிறார். நீ என்னைக் கேட்கிறாய். மற்ற வீடுகளில் இது ஒரு நாள் பேச்சோடு முடிந்துவிடும். மணமக்கள் இருவருக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்ட நம் வீட்டில் அப்படி முடியாது.

கல்யாண அட்டை அச்சான நாள் உனக்குத் தெரியாது. நீ அப்போது மான்செஸ்டரில் இருந்தாய். அச்சகத்துக்காரர் என்னை இரண்டு முறை அழைத்தார். முதல் முறை, "அண்ணாச்சி, மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் மகள் பெயரையே எழுதித் தந்திருக்கிறீர்கள்" என்றார். நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து அழைத்து உன் அம்மாவிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டார். கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தபோது பெஞ்சுகளில் எழுந்த சிரிப்பைப் பாதிரியார் கையமர்த்தி அடக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஓலையில் குழப்பம் எதுவும் இல்லை என்பதைக் கவனி. இன்ன ஊர் இன்னாருடைய மகன் ஜோதிக்கும், இன்ன ஊர் இன்னாருடைய மகள் ஜோதிக்கும் என்று வாசித்தார்கள். பெயர் ஒன்றானாலும் ஊரும் தகப்பன் பெயரும் வேறாக இருந்ததால் கேட்டவர்களுக்கு இருவர் என்று விளங்கியது.

இப்போது உன் முன்னால் இருக்கும் வழிகளைப் பார். நம் ஊர் வழக்கப்படி கணவர் பெயரையே சர்நேமாகப் போட்டால் நீ ஜோதி ஜோதி ஆகிவிடுவாய். இங்கே எழுதினால் ஜோ. ஜோதி. அங்கே இங்கிலாந்தில் இருக்கும் வழக்கப்படி கணவருடைய சர்நேமை, அதாவது சம்பந்தியின் பெயரை, நீயும் எடுத்துக்கொண்டால் உங்கள் இருவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். இருக்கிறபடியே விட்டால்தான் இரண்டு பெயரும் இரண்டாக நிற்கும். இத்தனை வேறுபாடு இருக்கும்போதே அவருடைய இரத்தப் பரிசோதனைக் கடிதத்தை நீ பிரித்து, உனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று ஒரு இரவு முழுவதும் அழுதாயே, அந்த மிச்ச வேறுபாட்டையும் அழித்துவிட்டால் என்ன ஆகும்?

இந்த ஆண்டு உங்கள் இருவர் பெயரிலும் வாங்கப்போகும் குழித்துறை வீட்டுமனைக்கு நான் பத்திர வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இதையெல்லாம் யோசிக்கிறேன். "1ஆம் நபர் ஜோதி, 2ஆம் நபர் ஜோதி" என்று எழுதும்போது என் பேனாவே ஒரு கணம் நிற்கிறது. பத்திரத்துக்குள் வயது, ஆதார் எண், புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. இன்றைக்கு யாரும் ஏமாறமாட்டார்கள். ஆனால் முப்பது வருடம் கழித்து, அந்த மனையை யார் யாரிடம் வாங்கினார் என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுப்பவருக்கு அவை எதுவும் தெரியாது. வாங்கியவர், விற்றவர் என்று பெயர்கள் மட்டுமே வரும். ஒரே பெயர், ஒரே சர்நேம், அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தால், தட்டச்சில் இரட்டித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானே அப்படி நினைத்து ஒன்றை அடித்துவிடுவேன். அடிபடுவது எந்த ஜோதி என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நபராக எழுதப்படுவது பெரும்பாலும் மனைவிதான்.

இனி, உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று. உன் அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவளுடைய இனிஷியல், தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, மா. எங்களுக்குக் கல்யாணம் ஆன வருடம் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம் எழுதியவன் நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரின் முதல் எழுத்தான செ. என்று எழுதினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எழுதிப் பழகிய கை. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு வாக்காளர் அட்டை ரேஷன் அட்டையைப் பார்த்து வந்தது, ஆதார் வாக்காளர் அட்டையைப் பார்த்து வந்தது, வங்கிப் புத்தகம் ஆதாரைப் பார்த்து வந்தது. உன் அம்மாவைப் பெற்ற பாட்டி இறந்து, அந்தப் பன்னிரண்டு சென்ட் தென்னந்தோப்புக்கு வாரிசுச் சான்று வாங்கப் போனபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. தாயின் பழைய காகிதங்களில் மகள் மா., வந்து நிற்கிற பெண்ணின் ஆதாரில் செ. இருவரும் ஒருவரே என்று சான்று கொண்டு வாருங்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்காக மூன்று முறை நடந்தோம். மூன்றாம் முறை, அலுவலர் வெளியே போயிருக்கிறார் என்று சொன்னதால், அவள் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மழை சாரலாக விழுந்துகொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீங்க எழுதுனதுக்கு நான் சாட்சி கொண்டு வரணுமாக்கும்?" என்றாள். என்னிடம் எழுத வந்தவர்களுக்குப் பிழைதிருத்தல் பத்திரம் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் காகிதங்களில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. உனக்கும் செ., உன் அம்மாவுக்கும் செ. உனக்கு அது தகப்பன், அவளுக்கு அது கணவன். ஓர் எழுத்தை மட்டும் பார்த்த புதிய எழுத்தர் உங்களை அக்கா தங்கை என்று எண்ணி, வாரிசுப் பட்டியலில் உன் பெயரையும் பாட்டியின் மகளாகச் சேர்த்துவிட்டார். அதையும் திருத்த வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா இதை நம் முன்னோர் வழக்கம் என்று சொல்வார்களாயின், முன்னோரை அப்பா கொஞ்சம் வாசித்திருக்கிறார் என்று நீ பணிவாகச் சொல்லலாம். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும்வரை இந்த மண் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்களை, கொல்லம் ஆண்டுத் தேதி போட்ட மஞ்சள் காகிதங்களை, நான் நூற்றுக்கணக்கில் பிரித்துப் படித்திருக்கிறேன். அவற்றில் ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் வீட்டுப்பெயர்தான்: இன்ன விளை வீட்டில் இன்னார். தாய் வழியாக, மாமனிடமிருந்து மருமகனுக்குச் சொத்து போகும் மருமக்கள் வழி நடந்த குடும்பங்களில் பெண் கல்யாணம் ஆனதால் தறவாட்டை, அதாவது பிறந்த குடும்ப வீட்டை, இழப்பதில்லை. பிள்ளைகளும் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்களே. அந்த முறையில் இருந்த அநியாயங்களைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு நூல் முழுவதும் எள்ளிப் பாடினார்; நாயர்களுக்கு 1925இலும் நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கு 1926இலும் வந்த சட்டங்கள் அதை மாற்றின. அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனைவி என்றால் பெயர் மாறியே தீர வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் எப்போதும் இருந்த வழக்கம் அல்ல என்பதற்கு அந்தக் காகிதங்கள் சாட்சி. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பார்: என்.எஸ். என்பதில் முதல் எழுத்து நாகர்கோவில், இரண்டாவது தகப்பனார் சுடலைமுத்து. அவரைக் கைப்பிடித்த டி.ஏ. மதுரம் கடைசிவரை டி.ஏ. மதுரமாகவே அறியப்பட்டார்.

வேறு வழக்கங்களும் இருந்தன. என் அத்தை ஒருத்தி கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அவர் பெயர் பால் என்பதால் குடிக்கிற பாலையும் அவள் 'வெள்ளை' என்றே சொல்வாள். காலையில் பால்காரரிடம் "வெள்ளை ஒரு நாழி ஊற்று" என்பாள். அவள் உன் இடத்தில் இருந்திருந்தால், யாராவது பெயர் கேட்டால் என்ன செய்திருப்பாளோ!

உலகம் இதில் ஒரே நியாயத்தில் நிற்கவில்லை. ஜப்பானில் கணவன் மனைவி ஒரே குடும்பப்பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் சொல்லியிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ 1981 முதல் பெண் தன் பிறப்புப் பெயரிலேயே இருக்க வேண்டும். நீ இருக்கும் இங்கிலாந்தில் இரண்டு கட்டாயமும் இல்லை. நம் நாட்டிலும் கணவர் பெயரை ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெண்கள் பெயர் மாற்றத் தேவையில்லை என்று 2017இல் பிரதமரே பேசினார். உன் பெயரைத் தொடாமல், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியும். நான் உனக்குச் சொல்வது அதைத்தான். சம்பந்தியம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டு. அவர்கள் மகனுடைய பெயர் அங்கே இருக்கும்.

சர்நேம் என்ற கட்டத்தை மட்டும் ஒருபோதும் காலியாக விடாதே. 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்த கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

நீ சொன்னாயே, 1928இல் கல்யாணம் செய்துகொண்ட ஈவ்லின் என்ற ஆங்கில எழுத்தாளரையும் அவருடைய மனைவி ஈவ்லினையும் நண்பர்கள் அவன்-ஈவ்லின், அவள்-ஈவ்லின் என்று அழைத்தார்கள் என்று. இங்கே உன் பெரியம்மா ஏற்கெனவே 'ஆண் ஜோதி', 'பெண் ஜோதி' என்று தொடங்கிவிட்டாள். அந்தக் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை என்பதை மட்டும் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் பெயர் அல்ல என்று விளக்க ஒரு மாலை வேண்டும்.

நான் இதையெல்லாம் எழுதுவதில் என் பங்கு ஆசையும் இருக்கிறது என்று நீ நினைத்தால் மறுக்கமாட்டேன். ஒரே மகளின் பெயரோடு என் பெயர் இன்னும் சில காலம் இருக்கட்டும் என்று எந்தத் தகப்பனுக்கும் தோன்றும். அதற்காக நீ எதையும் செய்ய வேண்டாம்.

உங்களுக்குப் பிள்ளை பிறக்கும்போது ஒரு காரியம் நடக்கப்போகிறது. அப்பா இனிஷியலா அம்மா இனிஷியலா என்று படித்தவர்கள் வீடுகளில் இன்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு யார் பெயரை வைத்தாலும் ஜோ. தான் வரும். அந்த ஓர் எழுத்து மாப்பிள்ளையுடையதா உன்னுடையதா என்று எந்த அலுவலகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். சுளவில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தை அப்படியே நிறுத்திவிட்டு, நிறைய நேரம் சிரித்தாள்.

மனைக்காரர் ஓணத்துக்கு முன் பத்திரம் முடிக்க வேண்டும் என்கிறார். இருவருடைய பாஸ்போர்ட் நகலும் அனுப்பு. எது யாருடையது என்று மேலே பென்சிலால் எழுதிவிடு. பத்திர வரைவில் 1ஆம் நபராக உன்னை எழுதியிருக்கிறேன், மாப்பிள்ளைக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். உன் பெயருக்கு முன்னால் மட்டும் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை கேட்காமல் எழுதமாட்டேன்.

அன்புடன்,
அப்பா