ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை பாட்டு வகுப்பு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பற்றி மாநகராட்சியில் மனு கொடுத்தோம். பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி பாட்டு வகுப்பு. இந்த ஆண்டு நம் சங்கம் செய்த வேலைகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அதற்கும் முந்தின படியில், பால்வாடிக்குப் போகிற வயதிலேயே, பிள்ளைகளின் காதைத் தயார் செய்யலாம் என்றுதான் பெரம்பூரில் நம் தெருப் பிள்ளைகளுக்கு இதை ஆரம்பித்தோம். நோட்டு கிடையாது, பென்சில் கிடையாது. ஒரு கஞ்சிரா, ஒரு ஜோடி சலங்கை, வீட்டிலிருந்து கொண்டுவந்த கொட்டாங்குச்சிகள், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது குறில் நெடில் ஆட்டம். ‘கல்’ என்று பாடினால் ஒரு குதி. ‘கால்’ என்றால் காலை எட்டி வைத்து, கஞ்சிரா இரண்டு தட்டு தட்டும்வரை அப்படியே நிற்க வேண்டும். பல், பால், படம், பாடம் என்று வேகம் கூடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்ததை இவர்கள் காலால் அளக்கிறார்கள். துணைக்காலை விட்டு எழுதுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் காதில்தான் சிக்கல். நெடிலை நீட்டிக் கேட்டுப் பழகாத பிள்ளை எழுதும்போது கால் போட மறக்கத்தான் செய்யும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அட்டை ஆட்டம். ஒரு பிள்ளை கையில் ஒற்றைக்கொம்பு, நடுவில் நிற்கும் பிள்ளையிடம் ‘க’, அடுத்தவரிடம் துணைக்கால். மூவரும் கை கோத்ததும் எல்லோரும் ‘கொ’ என்று கத்த வேண்டும். துணைக்கால் பிள்ளை கையை விட்டு ஓடினால் அது ‘கெ’ ஆகிவிடும். கொட்டு, கெட்டு என்று மாறி மாறிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வாயில் முதலில் ‘க்’ வருகிறது, தாளில் முதலில் கொம்பு வருகிறது; இந்தக் குழப்பத்தை உட்காரவைத்து விளக்கினால் நாலு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. தானே கொம்பாக நின்றால் புரிகிறது.

வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிற பிள்ளைகளும் வருகிறார்கள். தாளம் தட்ட மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால் அவர்கள் முதல் நாளே சேர்ந்துகொள்கிறார்கள். சொல் பின்னாலேயே வந்துவிடுகிறது.

நம் தெருப் பாட்டிமார்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாய்ந்தாடுவது, கை வீசுவது, நிலாவைக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுத்தவை. பிள்ளைத்தமிழில் செங்கீரை (சாய்ந்தாடுவது), சப்பாணி (கை கொட்டுவது), அம்புலி (நிலாவைக் கூப்பிடுவது) என்று பருவம் பருவமாகப் பாடியதும் இதே மாதிரி ஆட்டங்களைத்தானே! செல்போன் பாட்டு வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்ததற்கும் இதுவே காரணம். திரையைப் பார்க்கிற பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாட்டி பாதியில் நிறுத்தினால் அடுத்த சொல்லைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லைத் தானே கண்டுபிடிப்பதில்தான் இயைபு, அதாவது வரிகளின் முடிவில் ஒலி ஒத்து வருவது, காதில் ஏறுகிறது.

“எழுதவே வைக்கலையே” என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்புறம் அவர்களையும் ஒரு சனிக்கிழமை வட்டத்தில் நிற்கவைத்தோம். மணலிலும் காற்றிலும் கையை முழுசாக வீசி ‘அ’ வரைவதைப் பார்த்தார்கள். தோளும் மணிக்கட்டும் பழகின பிறகு பென்சில் பிடிப்பது எளிது என்று விளக்கினோம். பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வகுப்பு தடைபட்டது. அட்டைகள் நனைந்து வீணாகிவிட்டன.

அட்டைகளைப் புதிதாகச் செய்யவும், கருவிகளை வைக்கப் பூட்டுள்ள அலமாரி ஒன்று வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். பாடத் தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுத்தால், வரும் சனிக்கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்